கஞ்சித்தொட்டி எண் 212

ஜூன் 5, திங்கள்

நான் நாட்குறிப்பு எழுதுகிற வழக்கம் உள்ளவள் அல்ல. அடுத்தவர்கள் எழுதி வைத்ததைத் தூசி தட்டி அடுக்குவது என் வேலை. இனி நடக்கப்போவதற்கு ஒரு சாட்சி வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

இன்று தலைவர் சங்கரமூர்த்தி என் மேசையில் ஒரு பெரிய வரைபடத்தை விரித்தார். சங்குத்துறை ஊர் வரலாற்றுக் காட்சியகத்தின் முன்கூடத்தில், கறுப்புக் கல்லில், ஊரின் பத்துப் பழைய குடும்பங்களின் வம்சாவளியை வெட்டி வைக்கப்போகிறார்கள். முதல் கல் தலைவர் வீட்டுடையது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தாது வருஷப் பஞ்சத்தில் ஊருக்கு நல்ல தண்ணீர்க் கிணறு வெட்டித் தந்த சிவசைலம், அவர் மகன் சங்கரமூர்த்தி, அவர் மகன் சிவசைலம், அவர் மகன் நம் தலைவர் சங்கரமூர்த்தி. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். அவர் வீட்டில் அது தவறியதே இல்லையாம்.

"ஜூலை இருபத்து மூணு தெறப்பு விழா. ஒவ்வொரு பேருக்கும் ஒரு ஆதாரம் எடுத்து வச்சிரு உலகம்மை. வெறும் வாய்ப்பேச்சுன்னு எவனும் சொல்லிரப்படாது" என்றார்.

சரிங்கய்யா என்றேன். குடும்ப வரலாற்று அறை என் பொறுப்பு. பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடுகள், இறப்புப் பதிவேடுகள், சத்திரத்துப் புத்தகங்கள், கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் இங்கே இருக்கின்றன. கொழும்பிலிருந்தும் பினாங்கிலிருந்தும் ஆட்கள் வந்து தாத்தாவின் தாத்தாவைக் கேட்பார்கள். தேடிக் கொடுப்பேன். சிலர் அழுவார்கள். அதற்கென்று ஒரு சொம்பு தண்ணீர் வைத்திருக்கிறேன்.

ஊரார் அத்தனை பேரின் தாத்தாவையும் தேடிக் கொடுக்கிற எனக்கு, என் அப்பாவின் பெயரை இந்தக் கட்டிடத்துக்குள் சொல்ல வாய் வராது. 1988இல் இது வாசகசாலையாக இருந்தது. அப்பா பால்வண்ணன் இங்கே பதிவு எழுத்தர். சங்கரமூர்த்தி செயலாளர். பஞ்சகாலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய கஞ்சித்தொட்டியின் பதிவேடு ஒன்று காணாமல் போனது. மறுநாளே வாசல் அறிவிப்புப் பலகையில், 'பால்வண்ணன் என்பவர் ஊர்ச் சொத்தைத் திருடியவர். உள்ளே அனுமதிக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டிவிட்டார் இவர். நாலு மாதம் அது அங்கேயே இருந்தது. என்னைப் பெண் பார்க்க அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, வீட்டுக்கே வராமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார்கள். அப்பா மூன்று வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்.

2009இல் வாசகசாலை காட்சியகம் ஆனது. பழைய கையெழுத்தை வாசிக்க ஊரில் வேறு ஆள் இல்லை என்று என்னைக் கூப்பிட்டார். "பழசெல்லாம் போகட்டும்" என்றார். ஒன்றும் போகவில்லை. பதினான்கு வருஷமாகக் காலையில் அவர் மேசையில் நாளிதழ் வைக்கும்போது, இரங்கல் செய்திப் பக்கத்தை மேலே வருமாறு மடித்துத்தான் வைக்கிறேன். அதுதான் என் காலை பூஜை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பால்வண்ணன் திருடவில்லை என்று அவர் வாயால் ஊர் கேட்கச் சொல்ல வேண்டும்.

ஜூன் 6

அலமாரிகளுக்கு வேப்பெண்ணெய் பூசினோம். இங்கே பெருக்க வரும் இசக்கியம்மாளுக்குத் தும்மல் நிற்கவில்லை.

ஜூன் 9, வெள்ளி

கிடைத்துவிட்டது.

1879ஆம் வருஷத்துச் சேர்க்கைப் பதிவேடு. 'சங்கரமூர்த்தி, வயது ஆறு.' தலைவரின் தாத்தா. மற்றப் பையன்களுக்கெல்லாம் 'தகப்பன் பெயர்' என்ற இடத்தில் பெயர் இருக்கிறது. இவருக்கு அந்த இடம் காலி. பக்கத்தில் வேறு மையில் 'வளர்ப்பவர்: சிவசைலம். கஞ்சித்தொட்டிப் பதிவு எண் 212 காண்க' என்று எழுதியிருக்கிறது.

நாலு முறை வாசித்தேன். பிறகு எழுந்துபோய் முகம் கழுவினேன்.

பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வாசலில் அனாதையாகக் கிடந்த பிள்ளைகளை ஊரார் எடுத்து வளர்த்ததுண்டு. கிணறு வெட்டியவர் ஒரு பையனை எடுத்து வளர்த்து, தன் அப்பா பெயரை வைத்திருக்கிறார். பெற்ற பிள்ளை என்றால் தாத்தா பெயர் வைப்பார்கள் அல்லவா, அதே போல. அந்தப் பெயர் வழக்கத்தினால்தான் இத்தனை வருஷம் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் 'எங்க ரத்தம், எங்க வம்சம்' என்று மேசையைத் தட்டுகிறவரின் ரத்தம் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. அது எனக்கு மட்டும் தெரியும்.

ஜூன் 10

தூக்கம் இல்லை. எல்லாம் தெளிவாகிவிட்டது. காணாமல் போனது எந்தப் பதிவேடு? கஞ்சித்தொட்டிப் பதிவேடு. அது இல்லாமல் போனால் யாருக்கு லாபம்? அவரே அழித்துவிட்டு, பழியைத் தூக்கி அப்பா தலையில் போட்டிருக்கிறார். இது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். எனக்கு விளங்க முப்பத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது.

அவசரப்பட மாட்டேன். கல்லில் வெட்டட்டும். காகிதம் என்றால் கிழித்துப் போட்டுவிடலாம். கல்லை என்ன செய்வார்? திறப்பு விழாவில் ஆதாரங்களை வாசிக்கப்போவது நான்தான். வாசிக்கிறேன்.

ஜூன் 14, புதன்

வம்சச் சுவருக்குப் பழைய படங்கள் எடுக்கத் தலைவர் வீட்டுக்குப் போனேன். பீரோவைத் திறந்துவிட்டு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மனைவி போனபிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது. மேல் தட்டு, கீழ்த் தட்டு, துணிக்கு அடியில் என்று எல்லாம் பார்த்தேன். பதிவேடு இல்லை. எரித்திருப்பார்.

நான் தேடுவதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "உங்கப்பா சாமான்லாம் இன்னும் வீட்ல இருக்கா?" என்று கேட்டார்.

சாமான் என்ன சாமான், ஒரு தகரப் பெட்டி, அதை அம்மா கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு யாரையும் தொடவிடமாட்டாள் என்று சொன்னேன். வேலைக்காரப் பெண் காப்பி கொண்டுவந்தாள். அவர் அதைக் குடிக்காமலே ஆறவிட்டார். வயதாகிவிட்டது.

ஜூன் 15

வீட்டில் கரையான். பின்கட்டுச் சுவரில் கோடு போட்டிருக்கிறது. காட்சியகத்து மருந்தைக் கொஞ்சம் கொண்டுவந்து எல்லாச் சாமானையும் நகர்த்தி அடிக்கலாம் என்றேன். "எங்கட்டில் பக்கம் ஒண்ணும் வேண்டாம், எனக்கு நெடி ஆகாது" என்றாள் அம்மா. எண்பத்திரண்டு வயதில் இந்தப் பிடிவாதம்.

ஜூன் 22, வியாழன்

ஆதாரக் கோப்பைத் தலைவரிடம் கொடுத்தேன். சங்கரமூர்த்தி தாத்தாவுக்கு அவருடைய கல்யாணப் பத்திரிகையை மட்டும் வைத்திருக்கிறேன். அதில் 'சிவசைலம் அவர்கள் குமாரன்' என்று இருக்கிறது. சேர்க்கைப் பதிவேடு என் மேசை இழுப்பறையில், பூட்டுக்குள்.

கோப்பை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பள்ளிக்கூடத்தில் எதுவும் கிடைக்கவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். இந்த அறையில் நான் சொன்ன முதல் பொய். இனிப்பாகத்தான் இருந்தது. கல்வெட்டுக்காரரிடம் இன்றைக்கே அனுப்பிவிட்டார்.

பெயர் சரிபார்க்கும் தாளிலும் கையெழுத்துப் போட்டார். எதற்கும் கையெழுத்து வேண்டும் என்பது அவருடைய விதி. அப்பாவை விரட்டின மறுமாதம் போட்டது. உள்ளே வரும் பொருள் எதுவானாலும் வரவுப் பதிவேட்டில் ஏற வேண்டும். தந்தவர் பெயரும் அது வந்த வழியும் எழுத வேண்டும். பொறுப்பிலிருப்பவர் கையெழுத்திட வேண்டும். வேண்டாம் என்றால் காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். புதிதாக வந்தவற்றின் பட்டியல் மாதக் கடைசியில் வாசல் பலகையில் தொங்க வேண்டும். திருட்டு நடந்த இடம் என்பதால் இத்தனை கட்டுக்காவல் என்று எல்லோரிடமும் சொல்லுவார், நான் பக்கத்தில் நிற்கும்போதே.

ஜூன் 28

அறையில் யாரும் இல்லை என்று நினைத்து விழாவில் பேசப்போவதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். இசக்கியம்மாள் விளக்குமாறும் கையுமாகக் கதவோரம் நின்றிருக்கிறாள்.

"யக்கா, நான் ஒண்ணும் கேக்கல. ஆனா எதிராளிக்குச் சகுனத்தடைன்னு சொந்த மூக்க அறுத்துக்கிடாதிய."

என் மூக்கு எங்கே இதில் வருகிறது என்றேன். அவள் பெருக்கிக்கொண்டே போய்விட்டாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பழமொழி.

ஜூலை 4, செவ்வாய்

கட்டில் காலில் கரையான் ஏறிவிட்டது. அம்மா கோயிலுக்குப் போன நேரத்தில் பெட்டியை இழுத்தேன்.

ஜூலை 5

விடுப்பு.

ஜூலை 6

விடுப்பு.

ஜூலை 7, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும். சாட்சி என்று ஆரம்பித்தேன். எனக்குச் சாதகமாக இருந்தால்தான் எழுதுவேன் என்றால் அது சாட்சி இல்லை.

பெட்டியில் அப்பாவின் இரண்டு வேட்டி, மூக்குக்கண்ணாடி, அதற்கடியில் காடாத்துணியில் சுற்றிய பதிவேடு. வாசகசாலை முத்திரை. கஞ்சித்தொட்டி, 1877. கரையான் இன்னும் அட்டையைத் தொடவில்லை. இன்னொரு வாரம் போயிருந்தால் தொட்டிருக்கும்.

அப்பா எடுத்திருக்கிறார். பலகையில் ஒட்டியிருந்தது உண்மை.

அம்மா வந்து, திறந்த பெட்டியைப் பார்த்தாள். திட்டவில்லை. தரையில் உட்கார்ந்தாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். ஒருநாள் வாசகசாலையில் பத்துப்பேர் இருக்கும்போது, சங்கரமூர்த்தி அப்பாவைப் பார்த்து வம்சம் தெரியாத பயல் என்று சொல்லியிருக்கிறார். எந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியும். அன்றைக்குச் சாயங்காலமே அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், மறுநாள் ஊரைக் கூட்டி வாசிக்கிறேன் பார் என்று.

"வாசிச்சாரா?"

"வாசிச்சாரு, இங்கன உக்காந்து. வாசிச்சுட்டுச் சோறு திங்கல. 'செத்த தாயி பக்கத்துல உக்காந்திருந்த புள்ளய வச்சா நான் இவன அடிக்கணும்?'ன்னாரு. காலையில கொண்டுபோயி வச்சிருதேன்னாரு. காலையில போனா, நோட்டீசு ஒட்டியிருக்கு."

அதற்குமேல் கொண்டுபோய் வைத்தால் திருடன்தான் என்று ஆகிவிடும். வைக்கவில்லை என்றாலும் திருடன்தான். மூன்று வருஷம் இந்தப் பெட்டிக்கு மேலே கட்டிலில் படுத்துக் கிடந்தார்.

நானும் வாசித்தேன். 'எண் 212. ஆண். வயது சுமார் நான்கு. பெயர் சொல்லத் தெரியவில்லை. ஊர் தெரியவில்லை. தாய் தொட்டி வாசலில் இறந்தாள். இரண்டு நாள் அவள் சேலையை விடவில்லை. சிவசைலம் வசம் ஒப்படைக்கப்பட்டது.'

நான் சோறு தின்றேன். அப்பா நல்லவர். நான் அவர் மகள்தான், அவர் இல்லை.

ஜூலை 12

முதலில் அப்பா மேல் வந்த கோபம் இன்று தணிந்திருக்கிறது. அவர் செய்ததைத்தானே நானும் செய்தேன். அவர் பதிவேட்டைப் பெட்டியில் வைத்தார். நான் இழுப்பறையில் வைத்தேன்.

அடுப்பில் போட்டால் ஒன்றுமே இல்லை. அம்மாவும் அதைத்தான் சொல்கிறாள். முடியவில்லை. அதில் நானூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் யாராவது ஒருநாள் வந்து கேட்பார்கள்.

மைக்கில் வாசித்தால் பதிவேடு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். சும்மா இருந்தால் கல் அவருக்கு நிலைக்கும், பழி எங்களுக்கு நிலைக்கும். இசக்கியம்மாள் சொன்ன மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஜூலை 18, செவ்வாய்

காலையில் தலைவர் தனியாக இருக்கும்போது உள்ளே போனேன். காடாத்துணியோடு மேசையில் வைத்தேன். "எங்கப்பாதான் எடுத்தாருங்கய்யா. நீங்க சொன்னது நெசம்" என்றேன்.

துணியை அவிழ்க்கவில்லை.

"இருநூத்திப் பன்னெண்டு" என்றார்.

அவரே மேலே சொன்னார். அப்பா எடுப்பதற்கு முந்தின வாரமே அதைப் படித்திருக்கிறார். என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அலமாரி காலியாகிவிட்டது. பயத்தில்தான் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். திருடன் என்று முதலில் சொல்லிவைத்துவிட்டால், பிறகு அவன் எதைச் சொன்னாலும் எடுபடாது என்று ஒரு கணக்கு. ஆனால் அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் இவரைத் தின்றிருக்கிறது.

"இன்னைக்குச் சொல்லுவான், நாளைக்குச் சொல்லுவான்னு மூணு வருஷம். அவன் போனபெறவு உங்கம்மா சொல்லுவா, நீ சொல்லுவன்னு. என் கல்யாணப் பந்தல்ல, எம் மக கல்யாணத்துல, எம் பொண்டாட்டி காரியத்தன்னைக்குக்கூட, வாசல்ல யாரு வாரான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"பெறவு ஏன் என்னை வேலைக்கு வச்சிய?"

"கண்ணு முன்னால இருந்தா தெரியும்லா."

முப்பத்தைந்து வருஷம். நான் ஒரு நாளிதழை மடித்து வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் அவரை ஒவ்வொரு நாளும் பழி வாங்கியிருக்கிறார். அது அப்பாவுக்கே தெரிந்திருக்காது.

பிறகு அவர் குரல் இறங்கியது. "ஞாயித்துக்கிழமை மைக்குல நானே சொல்லுதேன். பால்வண்ணன் எடுக்கல, எம் மேலதான் தப்புன்னு ஊரு கேக்கச் சொல்லுதேன். இதை எங்கிட்டக் குடுத்திரு தாயி."

நான் வாழ்நாளெல்லாம் கேட்க நினைத்த வாக்கியம். வார்த்தை மாறாமல் வந்தது. சரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அம்மா முகம் நினைவுக்கு வந்தது, அம்பாசமுத்திரம் பஸ் நினைவுக்கு வந்தது. ஆனால் அது இப்போது பொய். அவர் போடும் பிச்சை. வாங்கிக்கொண்டால் அவர் இன்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார்.

வரவுப் பதிவேட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் திருப்பி வைத்தேன். ஏற்கெனவே எழுதியிருந்தேன். 'கஞ்சித்தொட்டிப் பதிவேடு, 1877. தந்தவர்: பா. உலகம்மை. வந்த வழி: 1988இல் என் தந்தை பால்வண்ணன் அனுமதியின்றி எடுத்துச் சென்றது. வைக்குமிடம்: குடும்ப வரலாற்று அறை, திறந்த அலமாரி.'

"கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா வேண்டாம்கதுக்குக் காரணத்த எழுதிக் கையெழுத்துப் போடுங்க. உங்க விதிதான்."

வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். காரணம் எழுத முடியாது. கையெழுத்துப் போட்டார். வழக்கமாக இரண்டு சுழி போடுவார். இன்று ஒன்றுதான்.

ஜூலை 23, ஞாயிறு

திறப்பு விழா. நல்ல கூட்டம். கல் பளபளவென்று இருக்கிறது. நான் பத்துக் குடும்பத்து ஆதாரங்களையும் கோப்பில் உள்ளபடி வாசித்தேன். முதல் குடும்பத்துக்கு வந்தபோது தண்ணீர் குடிக்கக் கொஞ்சம் நிறுத்தினேன். தண்ணீர் தாகம்தான். தலைவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கல்யாணப் பத்திரிகையை வாசித்து முடித்துவிட்டு இரண்டாவது குடும்பத்துக்குப் போனேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். அவர் தட்டவில்லை.

ஜூலை 31, திங்கள்

புது வரவுப் பட்டியலை வாசல் பலகையில் நானே குத்தினேன். அதே பலகை. அதே இடம். அப்பா பெயர் மறுபடியும் அங்கே. இந்த முறை என் கையெழுத்தில். கீழே, வழக்கம்போல, 'யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.'

இசக்கியம்மாள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "அறுத்துட்டியளே யக்கா" என்றாள். ஆமாம் என்றேன்.

அம்மாவிடம் சனிக்கிழமையே சொன்னேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

தலைவர் இப்போது தன் அறையில் உட்காருவதில்லை. காலை பத்துக்கு வந்து குடும்ப வரலாற்று அறையில், அலமாரிக்கு எதிரே உட்காருகிறார். மூடும்வரை இருக்கிறார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நிமிர்கிறார். பினாங்கிலிருந்து ஒரு குடும்பம் வந்து பஞ்சகாலத்துப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்றது. நான் எழுந்தேன். அவரும் எழுந்தார். அவர்கள் சத்திரத்துப் புத்தகத்தோடு போதும் என்று போய்விட்டார்கள்.

இன்று தயங்கித் தயங்கி என்னிடம் ஒன்று கேட்டார். "எடுத்து வளத்தா மகன் கெடையாதா, உலகம்மை? கல்லுல இருக்கது பொய்யா?"

பொய் இல்லை. அந்த மனுஷன் நாலு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் அப்பா பெயரையே வைத்திருக்கிறார். அதைவிட மகன் என்று எப்படிச் சொல்வது? அந்தக் கல்லில் ஒரு எழுத்துத் தப்பு கிடையாது. எனக்கு அது தெரியும். நான் சொன்னால் அவர் நம்புவார். இந்த ஊரில் அவர் அதை நம்பிக் கேட்கக்கூடிய ஆள் நான் ஒருத்திதான்.

வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10

இன்று நாளிதழை நேராக மடித்து வைத்தேன், முதல் பக்கம் மேலே. அவர் அதைப் பார்க்கவே இல்லை.